ராணி நடை – 14: தலைமேல் விழுந்த கை

கொத்தனார் பேசவில்லை.

பேசாத ஆளோடு ஒரே அறையில் பல் தேய்ப்பதும் டீ குடிப்பதும் என்ன பாடு என்று கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டம்ளரை வைத்தால் எடுத்துக்கொண்டார். துண்டை அவரே தேடினார். கட்டிலுக்கு அடியில் தேடினார், கதவுக்குப் பின்னால் தேடினார், வாயை மட்டும் திறக்கவில்லை. துண்டு அவர் தோளில் கிடந்தது. ஏணியும் சொல்லவில்லை. தேடட்டும்.

ஏணி என்பது கட்டட வேலையில் அவளுக்கு விழுந்த பெயர். ஆள் அவ்வளவு உயரம். சாரத்தில் நிற்பவனுக்குக் கலவைச் சட்டியைக் கீழே நின்றபடியே நீட்டிவிடுவாள். சின்ன வயதிலிருந்து சித்தாளாக மண்ணும் கல்லும் கலவையும் சுமந்த தலை. அந்த வருஷங்களில் பாதிக்கு மேல் புருஷனோடு ஒரே வேலையில். அவர் சுவர் எழுப்புவார், அவள் சுமந்து வந்து கொடுப்பாள். எட்டு மாதமாகத்தான் அந்தப் பக்கம் போவதில்லை. ஓர் ஆபீசில் கூட்டித் துடைப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பொய்தான் போன வாரம் உடைந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பி கட்டுகிறவன் ஒருவன் செல்போனைக் கொத்தனார் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறான். "புதுசா ஒரு வீடியோ கேம் வருதாம். இந்த ராணி கோட்டைப் படியேறி வர்றதைப் பாருங்க. மூஞ்சி வேற, நகை வேற. ஆனா நடை? நம்ம ஏணி நடை மாதிரியே இல்ல?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் கொத்தனார் கண்டுபிடித்துவிட்டார். கரண்டியும் கையுமாக எத்தனை வருஷம் அந்த நடைக்குக் காத்து நின்றவர்!

கூட்டித் துடைக்கிற ஆபீஸ் இல்லை அது. வீடியோ கேம் செய்கிற இடம். கொத்தனாரின் தங்கை அங்கே கதை எழுதுகிறாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். ராணியின் முகத்தைக் கம்ப்யூட்டர் வரைந்தது, குரலை யாரோ கொடுத்தார்கள். நடப்பதும் திரும்புவதும் வாளை ஓங்குவதும் ஏணி.

"கூட்டறேன்னு சொன்னியே?" என்று அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூட்டறதும் உண்டு" என்றாள்.

அதோடு நின்ற பேச்சு இன்று காலை அவள் செருப்பை மாட்டும்போதுதான் மறுபடி வந்தது.

"இன்னிக்கும் போறியா?"

"போறேன்."

"வேலை செய்யற இடத்துல என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா?"

"என்னன்னு?"

"ராஜா."

ஏணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல பேர்தானே? போன மாசம் வரைக்கும் சிமெண்டு மூஞ்சின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"சிரிக்காத. ஒட்டுன மாதிரி ஒரு உடுப்பைப் போட்டுக்கிட்டு பத்து ஆம்பளைங்க முன்னாடி நிக்கறியாம். அதையும் எனக்குச் சொல்லாம நிக்கறே. ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்து இளிக்கிறான்."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

பதில் இல்லாத மனிதர்கள் உத்தரவுக்குப் போய்விடுவார்கள். "இன்னியோட நிறுத்திக்க. சாயங்காலம் நான் வரும்போது நிறுத்திட்டேன்னு நீ சொல்லணும்."

"சாயங்காலத்துப் பேச்சை சாயங்காலம் பேசிக்கலாம். துண்டு உங்க தோள்ல இருக்கு."

வாசலைத் தாண்டி வந்துவிட்டாள்.

*

பஸ்ஸில் நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவள் வாய் ஓயாது. இன்றைக்கு என்ன காட்சி, ராணி ஏன் அப்படிச் செய்கிறாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வருவாள். ஏணிக்கு அந்தக் கதைகளைக் கேட்கத்தான் பஸ்ஸே பிடிக்கும்.

"என்னடி, உங்கண்ணன் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"தலைவலி அண்ணி."

"எழுதறவங்களுக்குத் தலை வலிக்கும். சுமக்கறவங்களுக்குக் கழுத்து வலிக்கும். போய் ஒரு டீ குடி."

நாத்தனார் சிரிக்கவில்லை.

அந்த ராணியைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாரா உண்டு. முற்றுகையின்போது கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டவள், காட்டிக்கொடுத்தவள். அவ்வளவுதான் அவள் கதை. ஏணி படித்த வகுப்புகளில் அந்தப் பாரா வருவதற்குள் அவளைக் கல் சுமக்க அனுப்பிவிட்டார்கள். அதனால் அவளுக்கு ராணிமேல் எந்தக் கோபமும் இல்லை.

நாத்தனார்தான் அந்தப் பாராவைப் புரட்டிப் போட்டவள். கதவைத் திறந்தது ராணி இல்லை, அரண்மனைக்குள் இருந்த ஒரு ரகசியச் சங்கம் என்று எழுதினாள். மந்திரி, படைத்தலைவன், வைத்தியன் எல்லாரும் முகமூடி மாட்டிக்கொண்டு நிலவறையில் கூடுகிறார்கள். விளக்குச் சபை என்று பெயர். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஆள்வது சபைதான். ராணி அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். சபை அவளைக் கீழே வரவழைக்கிறது. எங்களோடு சேர்ந்துகொள், இல்லாவிட்டால் கதவு திறந்த பழி உன் தலையில் விழும் என்கிறது. ராணி சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். பழி விழுகிறது. பள்ளிக்கூடப் பாராவை எழுதியதும் சபைதான்.

இதை நாத்தனார் முதல் தடவை சொன்னபோது ஏணி இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். "அடிப்பாவிகளா" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு அது நடிப்பாக இல்லை. எட்டு மாதமாக அந்தத் திரும்பி நடக்கிற நடைக்குத்தான் காத்திருந்தாள்.

இன்றைக்கு அந்தக் காட்சி.

*

வேலை நடக்கிற இடம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. தகரக் கூரைக்கு அடியில் சுற்றிலும் சின்னச் சின்னக் கேமராக்கள் கழுகு மாதிரி எட்டிப் பார்க்கும். நடுவில் வெறும் தரை. அதில் ஒட்டிய மஞ்சள் நாடாதான் நிலவறை. மரப்பெட்டி சிம்மாசனம். ஸ்டூல்மேல் வைத்த தண்ணீர் பாட்டில் சபையின் அணையாத விளக்கு. பெரிய திரையில் பார்த்தால் எல்லாம் கல்லும் நெருப்புமாகத் தெரியும்.

பந்துக்காரி என்று ஒரு பெண் இருந்தாள். கறுப்பு உடுப்பின்மேல் தோளிலும் முழங்காலிலும் நெற்றிப் பட்டையிலும் சாம்பல் நிறக் குட்டிப் பந்துகளை ஒட்டுவது அவள் வேலை. கேமராக்களின் கண்ணுக்கு அந்தப் பந்துகள்தான் தெரியும். பந்து அசைந்தால் ராணி அசைவாள்.

"கையை விரிங்கக்கா."

ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு ஆள் பிடிபடும். ஏணி விரித்துக்கொண்டு நின்றாள். "வயல்ல காக்கா விரட்டற பொம்மை கணக்கா இருக்கேன்" என்றாள். பந்துக்காரி சிரித்தாள். திரையில் ராணி, கிரீடமும் போர்க்கவசமுமாக, அதே காக்கா பொம்மையாக நின்றாள்.

இயக்குநர் வந்தார். எல்லாரும் அவரைத் தாடி என்பார்கள், முகத்துக்கு நேரே மட்டும் சார் என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலே யாராவது இருமினால் கீழே இவருக்குச் சளி பிடிக்கும்.

"காட்சி கொஞ்சம் மாறியிருக்கும்மா. சுலபம்தான். நீங்க இந்தக் கோட்டுல இருந்து நடந்து வர்றீங்க. சபைத் தலைவர் எதிர்ல நிக்கறாரு. மண்டி போடறீங்க. அவர் உங்க தலையில கை வைக்கிறாரு. நீங்க அப்படியே தலையைக் குனியறீங்க. முடிஞ்சுது."

ஏணி விரித்த கையை இறக்கவில்லை.

"யாரு மண்டி போடறா?"

"ராணி."

"எதுக்கு?"

"சபையில சேர்றா."

ஏணி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஜன்னலோடு பேசிய தலைவலி எதுவென்று ஏணிக்கு விளங்கிவிட்டது.

கையை இறக்கினாள். நேரே மேசைக்குப் போனாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அண்ணி, இங்க வேணாம்..."

"எப்போ தெரியும்னு கேட்டேன்."

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா என் பக்கத்துல உட்கார்ந்து வந்திருக்கே. அவ போய்க் கால்ல விழுவான்னு எழுதிட்டு."

"நான் எழுதல அண்ணி. மேலிருந்து வந்துச்சு. அடுத்த பாகத்துல ராணியே சபைக்குத் தலைவி ஆகணுமாம். அதுக்கு இதுல சேரணும். மாட்டேன்னு சொன்னா வேற ஆளை வச்சு எழுதிக்குவாங்க. நான் எழுதறதை அவங்க அடிப்பாங்க, நான் திரும்ப எழுதுவேன். இங்க இதுதான் வேலை."

"அப்போ பள்ளிக்கூடத்துல சொன்னது சரிதானே? காட்டிக்கொடுத்தவதானே அவ? இத்தனை மாசம் என்னத்துக்குடி என்னை நடக்கவிட்டே?"

நாத்தனாரின் கண் கலங்கியது. ஏணி அதைப் பார்த்தும் இளகவில்லை. கண் கலங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்பது அவள் கட்சி.

"அம்மா, நேரமாகுது" என்றார் தாடி. "இது கதை. யாரும் நிஜமா யார் கால்லயும் விழப்போறதில்லை."

ஏணி திரும்பி வந்து கோட்டில் நின்றாள். ஏன் வந்து நின்றாள் என்று கேட்டால், பயம்தான். அதை மறைக்க என்ன இருக்கிறது? எட்டு மாதமாக அவள் தலையில் ஒரு சட்டி ஏறவில்லை. கழுத்தில் இருந்த கட்டி கரைந்திருந்தது. காலையில் எழுந்தால் இரண்டு பக்கமும் தலை திரும்பியது. இந்தக் கறுப்பு உடுப்பைக் கழற்றினால் மறுபடி சும்மாட்டுத் துணி, மறுபடி மணல். அது அவளுக்குத் தெரியும். தாடிக்கும் தெரியும்.

*

சபைத் தலைவராக வந்தவர் மேடை நாடகக்காரர். முடி நரைத்த, கம்பீரமான ஆள். வசனம் பேசினால் தகரக் கூரை அதிரும். "மன்னிச்சுக்கம்மா, தலையில கை வைக்கணும்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிற அளவுக்கு மரியாதைக்காரர்.

முதல் தடவை ஏணி நடந்து வந்தாள். மண்டியிட்டாள். நாடகக்காரர் பந்துகளில் படாமல் பூப்போலக் கையை வைத்தார். ஏணி பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

திரையில் ராணி குனிந்தாள்.

"போதாது" என்றார் தாடி. "கை மேல மிதக்குது. கனம் தெரியணும். சபையோட மொத்த பலமும் அந்தக் கையில இருக்கு. நல்லா அழுத்துங்க."

இரண்டாம் தடவை. ஏணி நடந்து வந்தாள். மண்டியிட்டாள். நாடகக்காரர் தன் வசனத்தை முழங்கிவிட்டு, இரண்டு கையையும் அவள் உச்சந்தலையில் வைத்து, உண்மையாகவே அழுத்தினார்.

தலையில் கனம் விழுந்தது.

தலைச்சுமை தூக்கினவர்களுக்குத் தெரியும். மண்டியிட்டு உட்கார்ந்தால் எதிரே நிற்பவர் சட்டியைத் தூக்கித் தலையில் வைப்பார். வைத்த அந்த நொடியில் எழுந்துவிட வேண்டும். கழுத்து நேராக, கண் தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையிலிருந்து ஒரே மூச்சில் எழ வேண்டும். யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் சுமை ஜெயித்துவிடும். அதனால் யோசிக்கிற வேலையைத் தலை எப்போதோ விட்டுவிட்டது. தொடைதான் பார்த்துக்கொள்கிறது.

ஏணி எழுந்துவிட்டாள்.

அழுத்திய கையோடு நாடகக்காரர் மேலே போனார். குதிகால் தரையை விட்டது. "அம்மாடி!" என்று அலறிக்கொண்டே பின்னால் சாய்ந்து அணையாத விளக்கின்மேல் விழுந்தார். ஸ்டூல் உருண்டது. தண்ணீர் கொட்டியது.

பந்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஐயோ, அடி பட்டுடுச்சா?" ஏணி ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டாள். "வேணும்னு செய்யல சார். தலையில பாரம் வச்சா என் காலு நிக்காது. எந்திரிச்சுடும்."

நாடகக்காரர் தரையில் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அதைப் பாருங்க."

யாரோ பதிவைத் திரும்ப ஓட்டியிருந்தார்கள். நிலவறை. நெருப்பு. முகமூடிக் கூட்டம். ராணி மண்டியிடுகிறாள். சபைத் தலைவனின் இரண்டு கையும் அவள் தலையில் இறங்கி அழுத்துகிறது. அந்தக் கைக்கு அடியிலேயே, கழுத்து ஒரு நூல் வளையாமல், கண் எங்கோ தூரத்தில் இருக்க, ராணி எழுகிறாள். அவள் எழ எழ அவன் சின்னதாகிறான்.

நாத்தனார் பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவை எடுக்கலாம்" என்றார் தாடி. குரலில் சத்து இல்லை.

எடுத்தார்கள். நாடகக்காரர் வைத்தார், ஏணி எழுந்தாள். அதற்கு அடுத்த தடவை தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்து பார்த்தாள். கனம் விழுந்ததும் கழுத்து நிமிர்ந்து கால் கிளம்பிவிட்டது. எழுந்ததில் முதல் தடவை தவறு. இரண்டாம் தடவை பழக்கம். ஆனால் மூன்றாம் தடவை எழுந்தபோது ஏணிக்கே ஒன்று தெரிந்தது. இந்த முறை தொடை மட்டும் எழவில்லை. அவளும் சேர்ந்துதான் எழுந்தாள்.

"என்னம்மா, வேணும்னு செய்யறீங்களா?"

"முதல்ல ரெண்டு தடவை இல்ல சார்."

"இப்போ?"

"இப்போ ஆமா."

தாடி தாடியைச் சொறிந்தார். "நாளைக்கு வேற பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. முறையா நாட்டியம் படிச்ச பொண்ணு. உடுப்பை மாட்டி, மண்டி போட வச்சு எடுத்துடுவாங்க. அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது. புரியுதா?"

"கூட்டிட்டு வாங்க. எட்டு மாசமா ராணி ஒரு மாதிரி நடந்தா. சபைக்குள்ள வந்ததும் நாட்டியமா நடப்பா. பார்க்கறவங்க காறித் துப்புவாங்க."

"நான் சொல்லலம்மா. மேல இருந்து சொல்றாங்க."

"மேலன்னா யாரு?"

தாடி கூரையைக் காட்டினார்.

"கட்டட வேலையிலும் இதேதான் சார். மேஸ்திரியைக் கேட்டா இன்ஜினீயர்னுவாரு. இன்ஜினீயரைக் கேட்டா மேலேன்னு கையைக் காட்டுவாரு. மேல பார்த்தா ஆகாசம்தான் இருக்கும். யாரு அந்த மேல? கூப்பிடுங்க. நான் பேசறேன்."

"அவரை யாரும் பார்த்ததில்லை அண்ணி" என்றாள் நாத்தனார். "சாரே பார்த்ததில்லை."

ஏணி தரையில் உருண்டு கிடந்த பாட்டிலைக் காலால் ஒதுக்கினாள். "முகமூடி போட்டுக்கிட்டு நிலவறையில உட்கார்ந்து ஆட்டி வைக்கிறவன். இதைப் பத்தித்தானே கதை எழுதறீங்க? அவனே வந்து கதையை மாத்தறான். உங்க யாருக்கும் இது உறைக்கலையா?"

நாடகக்காரர் இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

*

தாடி மேலே இருப்பவரைக் கூப்பிட்டார். தைரியத்தால் இல்லை. அவருக்கும் அந்தப் பதிவை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது.

பெரிய திரையில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. முகம் இல்லை, பெயர் இல்லை. மெதுவான, படித்த, அவசரமில்லாத குரல் மட்டும் வந்தது.

"என்ன பிரச்சினை?"

தாடி சொன்னார். பதிவை ஓட்டினார். கறுப்புக் கட்டம் கடைசிவரை பார்த்தது.

"இன்னொரு தடவை."

ஓட்டினார்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவை முடிந்ததும் குரல் கேட்டது. "அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்கேன்" என்றாள் ஏணி. பந்துகளோடு திரைக்கு முன்னால் போய் நின்றாள். "மூஞ்சியைக் காட்டுங்க, பேசலாம்."

"அது தேவையில்லை. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவ இன்னிக்கு மண்டி போடறது தோல்வி இல்லை. அடுத்த பாகத்துல மொத்த சபையும் அவ கைக்கு வரும். ஒரு தடவை குனிஞ்சா நாளைக்கு எல்லாரும் அவகிட்ட குனிவாங்க. அவளை மேல ஏத்தத்தான் நான் பார்க்கிறேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏணிக்குக்கூட ஒரு நொடி, ஆமாம் அல்லவா என்று தோன்றியது. அதனாலேயே கோபம் வந்தது.

"எனக்குப் பதினேழு வயசுல ஒரு மேஸ்திரி இதையேதான் சொன்னான். இப்போ சொன்னபடி கேளு, அப்புறம் உன்னை எல்லாருக்கும் மேல வைக்கிறேன்னான். நான் கையில இருந்த சட்டியை அவன் கால்ல போட்டேன். அவன் இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்கறான். நான் நேரா நடக்கறேன். அந்த நடையைத்தான் நீங்க ராணிக்கு வச்சிருக்கீங்க."

ஏணி திரைக்கு இன்னும் ஓர் அடி நெருங்கினாள்.

"மண்டி போட்டு ஏறினவ எழுந்த மாதிரி இருப்பாளே ஒழிய எழுந்தவ ஆக மாட்டா. உங்களுக்கு அது வேணும்னா வேற ஆளை வச்சுக்கங்க. என் உடம்பு அதைச் செய்யாது. முதல்ல செய்யல. இப்போ நானும் செய்யல."

"எழுதினவங்க என்ன சொல்றாங்க?" குரல் கொஞ்சமும் உயரவில்லை.

எல்லாத் தலையும் நாத்தனார் பக்கம் திரும்பியது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் மார்க் அட்டையை அண்ணனிடம் நீட்டும்போது இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று ஏணிக்குத் தெரியும்.

"நான் எழுதினதுல அவ மண்டி போடல" என்றாள் நாத்தனார். பிறகு, யாரும் கேட்காமலே, "இது நான் எழுதினதைவிட நல்லா இருக்கு. இதை எடுத்துட்டா என் பேரையும் எடுத்துடுங்க" என்றாள்.

கறுப்புக் கட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்படியானால் அங்கே மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

"அந்தம்மா வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்டது குரல்.

தாடிக்குக் கேள்வி புரியவில்லை. "வீட்டுக்காரர் இருக்கார் சார். கொத்தனார்."

"சரி."

கட்டம் அணைந்தது. வேலை உண்டா இல்லையா, ராணி எழுந்தாளா இல்லையா, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

ஏணி நின்று காத்திருக்கவில்லை. பந்துகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பந்துக்காரியின் டப்பாவில் போட்டாள். கடைசிப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண், "அக்கா, நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"கதவைச் சாத்தி வச்சா தட்டுவேன்" என்றாள் ஏணி.

*

பஸ்ஸில் இப்போது நாத்தனார் ஜன்னலோடு பேசவில்லை. ஏணியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வேலை போயிடும் அண்ணி. ரெண்டு பேருக்கும்."

"போனா என்கூட சித்தாள் வேலைக்கு வா. எழுதற கைக்கு மணல் நல்லது."

"சும்மா இருங்க."

"ஒரு வாரம் மறைச்சே இல்ல? அதுக்கு இன்னும் நான் உன்னைத் திட்டி முடிக்கல. தூங்கற மாதிரி நடிக்காத."

வீட்டில் கொத்தனார் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஏணி ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் இருந்ததைச் சூடு பண்ணி, தட்டில் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பசி அப்படி.

அவர் எதிரே வந்து நின்றார். காலையில் இருந்த முறுக்கு இல்லை. நாள் முழுக்க ராஜா பட்டம் கேட்டுக் களைத்துப்போன முகம்.

"நிறுத்திட்டியா?"

"இல்ல."

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

கொத்தனார் பெருமூச்சு விட்டார். சண்டைக்கு ஆள் கிடைக்காத பெருமூச்சு. அதற்கப்புறம் அவர் செய்தது, இத்தனை வருஷத்தில் சண்டை முற்றும்போதெல்லாம் செய்வதுதான். கிட்டே வந்து, குரலை இறக்கி, "சொன்னாக் கேளு புள்ள" என்று அவள் தலையில் கையை வைத்து, செல்லமாக ஓர் அழுத்து அழுத்தினார்.

ஏணி எழுந்துவிட்டாள்.

தட்டு கையில். வாயில் பாதி கவளம். அவர் கை காற்றில் நின்றது. இத்தனை வருஷம் இந்தக் கைக்கு அடியில் எழாமல் உட்கார்ந்திருந்தது எப்படி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குக் கழுத்து வரைதான் கொத்தனார். அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இது?"

"இதைத்தான் இன்னிக்கு வேலையில செஞ்சேன். ஒரு பெரிய மனுஷன் கீழ விழுந்துட்டாரு."

"ஏன்?"

"மண்டி போடச் சொன்னாங்க. தலையில கை வச்சு அழுத்துனாங்க."

கொத்தனாரின் முகம் மாறியது. ஒட்டிய உடுப்பைவிட, ஊர் இளிப்பைவிட, இது அவருக்கு எங்கேயோ சுட்டது. "யார் அவன் உன்னை மண்டி போடச் சொல்றதுக்கு?" என்று கேட்டே விட்டார். கேட்ட பிறகுதான் தன் கை இன்னும் அந்தரத்தில் இருப்பதைப் பார்த்தார். இறக்கிக்கொண்டார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். "தெரியாத நம்பரா இருக்கே" என்றார்.

வேலைக்குச் சேரும்போது அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். ஏணி புருஷன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். கறுப்புக் கட்டம் 'சரி' என்றது அவளுக்கு இப்போதுதான் சரியாகக் கேட்டது. அவளை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால் அவளுக்கு மேலே யார் இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். நிலவறைக்காரர்கள் எங்கே கை வைப்பார்கள் என்பதை நாத்தனார்கூட இவ்வளவு சரியாக எழுதியதில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொத்தனார் அதைக் காதுக்குக் கொண்டுபோகத் திரும்பினார். வாசல் பக்கம், அவளுக்குக் கேட்காத இடமாக, கால் தானாகவே நகர்ந்தது.

ஏணி தட்டைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் வாசலை அடைத்து நின்றாள்.

"எடுங்க. ஆனா இங்கயே நின்னு பேசுங்க" என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."